காலனிய அமெரிக்க நகர வரைபடங்களில் வர்க்கம் எங்கே தெரிகிறது?

கேள்வி, 2024 பிப்ரவரி 3, காலை

பிலடெல்பியா நகரத்தின் 1683ஆம் ஆண்டு வரைபடத்தைப் பார்த்தேன். தெருக்கள் எல்லாம் நேர்கோடுகள். மனைகள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. நகரத்தின் நான்கு கால்பகுதிகளிலும் நடுவிலும் பொதுச் சதுக்கங்கள் இருக்கின்றன. பிரபுக்களின் மாளிகையோ கோட்டைச் சுவரோ அதில் இல்லை. குடியேறியவர்கள் பழைய ஐரோப்பாவின் ஏற்றத்தாழ்வைக் கடலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வர்க்கம் இருந்திருந்தால் வரைபடத்தில் தெரிந்திருக்க வேண்டுமே.

பதில், பிப்ரவரி 3, இரவு

கட்டங்களைப் பார்த்ததும் சமத்துவம் என்று முடிவு கட்டக் கூடாது. நான் நில அளவைத் துறையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புலப்படத்தில் கோட்டைவிடக் கட்டத்துக்குள் எழுதியிருக்கும் எண்தான் முக்கியம் என்பதைப் பணியில் சேர்ந்த முதல் வாரமே எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த எண்ணைப் பதிவேட்டோடு சேர்த்துப் படித்தால்தான் நிலம் யாருடையது, எப்படி வந்தது என்பது விளங்கும். நீங்கள் பார்த்த வரைபடத்தையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

அதை வரைந்த தாமஸ் ஹோம், பென்சில்வேனியா மாகாணத்தை நிறுவிய வில்லியம் பென்னின் தலைமை நில அளவர். சுதந்திர வணிகர் சங்கம் என்ற நிறுவனத்துக்குப் பென் எழுதிய கடிதத்தோடு சேர்ந்து அது 1683இல் லண்டனில் அச்சாயிற்று. மனைகளில் உள்ள எண்களுக்கு உரியவர்கள் யார் என்ற பட்டியலும் அந்த வெளியீட்டில் உண்டு. மாகாணத்தில் 1000 ஏக்கரும் அதற்கு மேலும் வாங்கியவர்களுக்கு டெலவேர், ஸ்கூல்கில் ஆறுகளைப் பார்த்த முகப்பு மனைகளும் 100 அடி அகலமுள்ள ஹை ஸ்ட்ரீட் மனைகளும் கிடைத்தன. குறைவாக வாங்கியவர்கள் 50 அடி அகலமுள்ள பின் தெருக்களுக்குப் போனார்கள். அதாவது நாட்டுப்புறத்தில் ஒருவர் எவ்வளவு நிலம் வாங்கினார் என்ற கணக்கே நகரத்தில் அவர் எந்தத் தெருவில் நிற்பார் என்பதைத் தீர்மானித்தது. பங்குதாரர்களின் அந்தச் சங்கத்துக்கும் ஆற்றங்கரையருகே இடம் ஒதுக்கினார்கள். சொசைட்டி ஹில் என்று இன்றும் அந்தப் பகுதிக்கு வழங்கும் பெயர் அந்தச் சங்கத்திலிருந்து வந்ததுதான்.

ஆகவே நேர்கோடு சமத்துவத்தைக் காட்டவில்லை. ஆற்று முகப்பு யாருக்கு, பின் தெரு யாருக்கு என்பதை விற்பனைக்கு வசதியாகக் காட்டியது. பெரிய மனையைத் தேடுங்கள், பணக்காரர் கிடைப்பார்.

பிப்ரவரி 5

மேலே உள்ள குறிப்பின் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். பெரிய மனை என்றால் பணக்காரர் என்று எழுதியது உழவு நிலத்தை அளந்து பழகிய புத்தியால் வந்த பிழை. துறைமுக நகரத்தில் பரப்பைவிட நீர் முகப்புதான் விலை. இருபது அடி முகப்புள்ள ஒரு படகுத்துறை, ஊரின் பின்புறத்தில் இருக்கும் இரண்டு ஏக்கர் மேய்ச்சல் நிலத்தைவிட மதிப்பு மிக்கதாக இருந்திருக்கும்.

பாஸ்டனுக்கு ஜான் பானர் 1722இல் வெளியிட்ட வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பானர் கப்பல் தலைவராக இருந்தவர். அவர் கண் கரையிலிருந்து ஊரைப் பார்த்த கண் என்பது படத்தைப் பார்த்ததுமே தெரிகிறது. படகுத்துறைகள் ஒவ்வொன்றும் தனித்தனி உருவத்தோடு கடலுக்குள் நீள்கின்றன, லாங் வார்ஃப் எல்லாவற்றையும் விட நீண்டு நிற்கிறது, கயிறு திரிக்கும் களங்களும் கப்பல் கட்டும் தளங்களும் குறிக்கப்பட்டுள்ளன. வீடுகளோ ஒரே அச்சில் வார்த்த சிறு உருவங்களாகத் தெருவோரம் வரிசையாக நிற்கின்றன. அந்த வீட்டு உருவங்களை வைத்துச் செல்வத்தை அளக்கக் கூடாது. அவை இங்கே வீடு உண்டு என்று மட்டுமே சொல்கின்றன.

ஆனால் ஓரத்தில் அச்சிட்ட கணக்கு வேறு கதை சொல்கிறது. தெருக்கள் 42, சந்துகள் 36, முடுக்குகள் 22. வீடுகள் ஏறத்தாழ 3000; அவற்றில் 1000 செங்கல், மீதி மரம். மக்கள் ஏறத்தாழ 12,000. தெரு, சந்து, முடுக்கு என்ற மூன்று படிகளை ஊரின் பெருமையாக எண்ணி வரைந்தவரே வரிசைப்படுத்தியிருக்கிறார். செங்கல்லையும் மரத்தையும் பிரித்ததும் அப்படித்தான். அடிக்கடி தீப்பிடித்த ஊர் அது. பெருந்தீ விபத்துகளின் பட்டியலே அதே வரைபடத்தின் ஓரத்தில் இருக்கிறது. செங்கல்லாலோ கல்லாலோதான் கட்ட வேண்டும் என்று சட்டம் போட்ட பிறகும் மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் மரமாகவே இருந்தன என்றால், சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வீடு கட்டும் வசதி எத்தனை பேருக்கு இருந்தது என்பதை அந்த ஒரு வரி காட்டிவிடுகிறது.

இன்றைய கண்ணோடு அந்தப் படத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவோம் என்பதற்கும் அங்கே சான்று உண்டு. பாஸ்டன் காமன் என்ற பொதுப் புல்வெளியின் ஓரத்தில் பானர் காட்டுவது ஏழைகள் விடுதியையும் திருத்தச் சிறையையும். ஊர் தன் கண்ணில் படவேண்டாம் என்று நினைத்தவர்களை அன்றைய விளிம்பில் வைத்தது. பிற்காலத்தில் அதே இடத்தைச் சுற்றித்தான் நகரத்தின் மிக உயர்ந்த முகவரிகள் எழுந்தன. மாறாக, கப்பல் தளங்களின் இரைச்சலும் தார் நாற்றமும் நிறைந்த வடமுனையில் பெரும் வணிகர்கள் மாளிகை கட்டி வாழ்ந்தார்கள். 1765 ஆகஸ்டில் கூட்டம் புகுந்து சூறையாடிய துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் வீடு அங்கேதான் இருந்தது. சரக்கு இறங்குவதைச் சன்னலிலிருந்து பார்க்கும் தூரத்தில் முதலாளி குடியிருந்த காலம் அது. பணக்காரர் மையத்திலும் ஏழைகள் விளிம்பிலும் முடுக்குகளிலும் இருந்தார்கள்.

பிப்ரவரி 5, சற்று நேரம் கழித்து

விட்டுப்போன ஒன்று. பாஸ்டனின் வரிப் பட்டியல்களில் 1687இல் மேல் தட்டில் இருந்த 15 விழுக்காட்டினரிடம் வரிக்குரிய சொத்தில் ஏறத்தாழ பாதி இருந்தது. 1771இல் அது ஏறத்தாழ மூன்றில் இரண்டாக உயர்ந்தது. பானரின் அச்சுத் தகட்டையே திருத்தித் திருத்தி 1769 வரை மறுபதிப்புகள் அச்சிட்டார்கள். வீட்டு உருவங்கள் கூடின. இந்த இடைவெளி கூடியதை அந்த உருவங்களிலிருந்து ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது.

பிப்ரவரி 6

வர்க்கம் என்ற சொல்லையே அந்தக் காலத்துக்குப் பொருத்தலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான ஐயம். அவர்கள் மேலோர், நடுத்தரத்தார், கீழோர் என்ற பொருளில் தரம் பிரித்துப் பேசினார்கள். தொழிற்சாலைக் காலத்து வர்க்கம் அல்ல அது. நியூ இங்கிலாந்தில் மிஸ்டர் என்ற அடைமொழிகூட எல்லாருக்கும் கிடைக்காது. சாதாரணக் குடியானவர் குட்மேன் என்றே அழைக்கப்பட்டார். தொழுகைக் கூடத்தில் யார் எந்த இருக்கையில் அமர்வது என்பதை வயது, சொத்து, பதவி பார்த்து ஒரு குழு முடிவு செய்து பட்டியல் போட்டது. ஊர் வரைபடத்தை அந்த இருக்கைப் பட்டியலின் பெரிய வடிவமாகப் பார்த்தால் பல விஷயங்கள் தெளியும். நான் வர்க்கம் என்ற சொல்லை எளிமைக்காகவே வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 9

இது நீளமாகும். மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது நியூ ஹேவன் நகரத்தில் பல நாள் நடந்திருக்கிறேன். 1638இல் குடியேறியவர்கள் ஒன்பது பெருஞ்சதுரங்களாக வகுத்த ஊர் அது. நடுச் சதுரம் மட்டும் பொதுவெளி. ஜேம்ஸ் வாட்ஸ்வொர்த் என்ற மாணவர் 1748இல் வரைந்த வரைபடத்தின் நகலை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, குளிரில் விரல் விறைக்க விறைக்க, ஒவ்வொரு தெருமுனையிலும் விரித்துப் பார்த்தேன். கட்டடங்களில் ஏறத்தாழ எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் தெருக்கோடுகள் அசையவே இல்லை. அளவையர் ஊன்றிய கல் அதை ஊன்றிய அரசைவிட நீண்ட நாள் நிற்கும் என்று என் மேலதிகாரி சொல்வார். அங்கே நின்றபோது அது நினைவுக்கு வந்தது.

வாட்ஸ்வொர்த் செய்த வேலை அபூர்வமானது. ஒவ்வொரு வீட்டையும் காட்டி, குடியிருந்தவர் பெயரையும் அவர் தொழிலையும் எழுதினார். அது 1806இல்தான் செப்புத் தகட்டில் பதிந்து அச்சாயிற்று. அந்த அச்சில் முதல் குடியேறிகள் பலர் பெற்ற மனைகளும் சேர்த்துக் குறிக்கப்பட்டதால், ஒரே தாளில் இரண்டு தலைமுறை ஏற்பாடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன.

முதல் ஏற்பாடு எப்படிப்பட்டது? ஒருவர் அறிவித்த சொத்து மதிப்பையும் குடும்பத்தின் தலைக்கணக்கையும் கூட்டி நிலம் பிரித்தார்கள். லண்டன் வணிகரும் காலனியின் முதல் ஆளுநருமான தியோஃபிலஸ் ஈட்டனின் சொத்து 3000 பவுண்டு. போதகர் ஜான் டாவன்போர்ட்டின் சொத்து 1000 பவுண்டு. பணம் போடாமல் வந்த ஏழைகளுக்கு ஒன்பது சதுரங்களுக்கு வெளியே சிறு மனைகள் கிடைத்தன. அந்த நிலத்துக்கு முன்னமே உரிய குவினிபியாக் மக்களுக்கு 1638 ஒப்பந்தத்தின்படி துறைமுகத்தின் கிழக்குக் கரையில் ஏறத்தாழ 1200 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. வரைபடத் தாள் அதுவரை நீளவே இல்லை.

வாட்ஸ்வொர்த்தின் படத்தில் பதவி இருப்பவர் பதவியோடும் கைவினைஞர் தொழிலோடும் நிற்கிறார்கள். அவர்களுக்கிடையில் ஒரு வீட்டின் பக்கத்தில் “ஜெத்ரோ, கறுப்பர், விவசாயி” என்ற பொருளில் எழுதியிருக்கிறது. அவர் சொந்த வீடும் நிலமும் வைத்திருந்த ஜெத்ரோ லூக். மற்றவர்களுக்கு எழுதிய குடும்பப் பெயர் அவருக்கு எழுதப்படவில்லை. மற்றவர்களுக்கு எழுதாத நிறம் அவருக்கு எழுதப்பட்டது. அந்த ஒரு வரியின் முன் நான் வெகு நேரம் நின்றுவிட்டேன். புலப்பதிவேடுகளில் எத்தனையோ பெயர்களைப் படியெடுத்தவன் நான். யார் பெயருக்கு என்ன அடைமொழி சேர்ந்தது, யார் பெயர் பாதியிலேயே நின்றது என்பதை அன்றெல்லாம் கவனித்ததே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் இருக்கும் கல்லூரிக்குப் பெயர் தந்தவர் எலிஹூ யேல். 1687 முதல் 1692 வரை சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்து பொருள் சேர்த்தவர். 1718இல் அவர் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கை விற்றுக் கிடைத்தது 562 பவுண்டு; அதோடு 417 நூல்களும் மன்னர் முதலாம் ஜார்ஜின் உருவப்படமும் வந்தன. கோட்டைக்குள் வெள்ளையர் நகரமும் வெளியே கறுப்பர் நகரமும் என்று பெயரிட்டுப் பிரித்திருந்த ஓர் ஊரில் ஈட்டிய பணம், ஒன்பது சதுரங்களில் ஒரு கட்டடத்துக்குப் பெயராயிற்று. சென்னையில் படித்துவிட்டு அந்தத் தெருவில் நடந்த எனக்கு அது வெறும் தகவலாகத் தோன்றவில்லை.

பிப்ரவரி 10

ஜார்ஜியா காலனியின் சவானாவை எடுத்துக்காட்டி, அங்காவது சமத்துவம் உண்மைதானே என்று சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். ஓரளவு உண்மை. ஜேம்ஸ் ஓகல்தார்ப் 1733இல் தொடங்கிய அந்த ஊரில் ஒவ்வொரு வட்டகைக்கும் (வார்டு) நடுவே ஒரு சதுக்கமும், 60 அடிக்கு 90 அடி அளவில் 40 வீட்டு மனைகளும், சதுக்கத்தின் இரு பக்கமும் பொதுக் கட்டடங்களுக்கான நான்கு மனைகளும் உண்டு. காலனியை நடத்திய அறக்கட்டளையின் செலவில் வந்தவருக்கு வீட்டு மனை, தோட்டம், பண்ணை எல்லாம் சேர்த்து 50 ஏக்கர். அடிமை முறைக்கும் தடை இருந்தது. ஆனால் சொந்தச் செலவில் பணியாட்களோடு வந்தவர் 500 ஏக்கர் வரை பெறலாம் என்பது நகரப் படத்தில் தெரியாது. நிலம் மகனுக்கு மட்டுமே இறங்கும், மகளுக்கு இறங்காது என்ற தொடக்க விதியும் தெரியாது.

இதில் என்னை உறுத்துவது வேறு. 1751 தொடக்கத்தில் அடிமைத் தடை நீங்கியது. அதன் பிறகும் அதே 60 அடி மனைகளையும் அதே சதுக்கங்களையும் நூறாண்டுகள் சேர்த்துக்கொண்டே போனார்கள். சமுதாயம் தலைகீழாக மாறியது. வரைபடத்தில் ஒரு கோடும் மாறவில்லை. அப்படியானால் மூன்றாம் தேதி நான் பிலடெல்பியாவைப் பற்றிச் சொன்னதும் அரைகுறைதான். திட்டப்படம், வரைந்தவர்களின் விருப்பத்துக்கே சான்று. அதன்மேல் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு வேறு தாள்கள் வேண்டும்.

பிப்ரவரி 14

அந்த வேறு தாள்களுக்காகப் பிலடெல்பியாவுக்கே திரும்புகிறேன். வீட்டைச் சுற்றித் தோட்டம் இருக்க வேண்டும், ஊர் பசுமையான நாட்டுப்புற நகரமாக விளங்க வேண்டும் என்பது பென்னின் ஆசை. மக்களோ இரண்டு மைல் நீளத்தில் பரவாமல் டெலவேர் கரையிலேயே நெருங்கிக் குடியேறினார்கள். முகப்பு மனை வைத்திருந்தவர்கள் அதைக் கூறு போட்டு விற்றும் வாடகைக்கு விட்டும் நடுவில் முடுக்குகளைத் திறந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் அப்படித் திறந்த எல்ஃப்ரத் முடுக்கில் இன்றும் வீடுகள் நிற்கின்றன. கொல்லர்களும் மரத்தச்சர்களும் தையற்காரப் பெண்களும் குடியிருந்த, இரண்டு ஆள் கைகோத்தால் அடைபட்டுவிடும் முகப்புள்ள வீடுகள். ஹோமின் படத்தில் அந்த முடுக்குக்கு இடமே இல்லை. பின் தெருவுக்குப் போக முடியாதவர்கள் முன் தெருவின் முதுகுக்குப் பின்னால் குடியேறினார்கள் என்று அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

ஹோம் அழகாக வரைந்த எட்டு ஏக்கர்ச் சதுக்கங்களில் தென்கிழக்குச் சதுக்கத்துக்கு நேர்ந்ததையும் பாருங்கள். 1706 முதல் அது ஏழைகளையும் ஊர் பேர் தெரியாதவர்களையும் புதைக்கும் இடமாயிற்று. அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்கள் விடுமுறை நாட்களில் அங்கே கூடித் தங்கள் முறைப்படி இறந்தோரை நினைத்து ஆடிப் பாடினார்கள்.

பணக்காரர் எங்கே போனார்கள்? நிக்கோலஸ் ஸ்கல், ஜார்ஜ் ஹீப் இருவரும் 1752இல் வெளியிட்ட வரைபடத்தில் நகரம் சிறு கட்டமாகச் சுருங்கி, சுற்றுப்புறம் பெரிதாக விரிகிறது. அந்தச் சுற்றுப்புறம் முழுவதும் நாட்டுப்புற மாளிகைகளும் அவற்றின் உரிமையாளர் பெயர்களும் நிறைந்திருக்கின்றன. வரைபடத்தை வாங்கக் கூடியவர்கள் தங்கள் பெயரை அதில் தேடியிருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பிப்ரவரி 15

அனாபொலிஸ் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. மேரிலாந்து காலனியின் ஆளுநர் பிரான்சிஸ் நிக்கல்சன் மேட்டு நிலத்தில் அரசுக்கு ஒரு வட்டமும் திருச்சபைக்கு ஒரு வட்டமும் வைத்து, தெருக்களை அவற்றிலிருந்து விரியச் செய்தார். லண்டனின் கனவான்கள் வாழ்ந்த புளூம்ஸ்பரி சதுக்கத்தின் பெயரையே அங்கும் ஒரு சதுக்கத்துக்கு இட்டார். பீர் வடிப்போர், சாயம் தோய்ப்போர் போன்று அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரும் தொழில் செய்வோருக்கு ஊரிலிருந்து தள்ளி இடம் ஒதுக்கச் சட்டமும் வந்தது. முதலாளியும் உழைப்பாளியும் ஒரே தெருவில் வாழ்ந்த ஊர்களின் காலத்தில் தொழிலை வைத்து ஆளைத் தள்ளிவைக்கும் எண்ணம் அங்கே வெளிப்படையாகவே இருந்தது.

பிப்ரவரி 20

நியூயார்க். 1766, 1767இல் பெர்னார்ட் ராட்ஸர் அளந்து வரைந்த படத்தைப் போல நுட்பமான ஒன்றை நான் பார்த்ததில்லை. நகருக்கு வடகிழக்கே ஜேம்ஸ் டி லான்சியின் பண்ணையில் ஒரு பெரிய சதுக்கமும் அதைச் சுற்றித் தெருக்களும் வரையப்பட்டுள்ளன. கனவான்களுக்கான குடியிருப்பாக அது வளர வேண்டும் என்பது திட்டம். அமெரிக்கப் புரட்சியில் டி லான்சி மன்னர் பக்கம் நின்றதால் அவர் நிலம் பறிமுதலாகிச் சிறு மனைகளாக விற்கப்பட்டது. சதுக்கம் மறைந்தது, டிலான்சி தெருவும் அவர் தோட்டத்தை நினைவூட்டும் ஆர்ச்சர்ட் தெருவும் நின்றன. அடுத்த நூற்றாண்டில் அதே இடம் ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியாயிற்று.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பத்தாண்டு முந்தைய நில அளவர் மேர்ஷால்க்கின் 1755 படம். ஊரின் வடக்கு எல்லையில், காலி நிலத்தில், கறுப்பர் இடுகாடு என்று எழுதியிருக்கிறது. டிரினிட்டி தேவாலயம் 1697இல் தன் கல்லறைத் தோட்டத்தில் ஆப்பிரிக்கர்களைப் புதைக்கக் கூடாது என்று தடுத்தது. அவர்கள் புதைக்க அந்த விளிம்பு நிலம்தான் மிஞ்சியது. பின்னர் அங்கே மண் கொட்டி மேடாக்கித் தெருவும் கட்டடமும் எழுப்பினார்கள். 1991இல் ஒரு கூட்டாட்சி அரசுக் கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டியபோது, அந்த மண்ணுக்குக் கீழே எலும்புக்கூடுகள் அப்படியே கிடந்தன. 419 பேரின் எச்சங்களை எடுத்து ஆய்ந்து, 2003இல் மீண்டும் அங்கேயே அடக்கம் செய்தார்கள். 2006இல் அது தேசிய நினைவிடமாயிற்று. படகுத்துறைகளுக்கும் பண்ணைகளுக்கும் உரிமையாளர் பெயரை எழுதிய காலத்தில், நகரத்தைக் கட்டிய இத்தனை பேருக்குக் கிடைத்தது சில சொற்கள். அந்தச் சில சொற்களும் இல்லாமல் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே மனம் கூசுகிறது.

பிப்ரவரி 22

பெயர்களைத் தேடுங்கள் என்று இத்தனை நாள் எழுதிவிட்டு, பெயரே இல்லாத ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் நகருக்கு 1782இல் பிரெஞ்சுப் படையைச் சேர்ந்த ஒருவர் வரைந்த படம் அது. படைவீரர்களுக்குத் தங்குமிடம் ஒதுக்குவதற்காக வரைந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். முதன்மைத் தெரு 99 அடி அகலம், அதாவது நாங்கள் பயிற்சியில் இழுத்த அதே 66 அடிச் சங்கிலியில் ஒன்றரைச் சங்கிலி. அதன் இரு பக்கமும் வீடுகள். அந்த வீடுகளுக்குப் பின்னால் சமையல் கட்டு, லாயம், புகையறை என்று சிறு சிறு பெட்டிகள்.

ஊர்க்காரர்கள் தங்களுக்காக வரைந்திருந்தால் முகப்பை வரைந்து பெயரை எழுதியிருப்பார்கள். இவர் அன்னியர், கூரை உள்ள எதையும் விடவில்லை. அந்நகரத்தின் மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அடிமைகள். அவர்களில் பலர் உழைத்ததும் உறங்கியதும் அந்தச் சிறு பெட்டிகளில்தான். முதலில் கேள்வி கேட்ட அன்பர் அந்தப் படத்தின் ஒரு நகலை எடுத்து, முதன்மைத் தெருவை ஒரு தாளால் மறைத்துவிட்டு, மனைகளின் பின்புறத்தை மட்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.